தொட்டிக்கு மேலிருந்த தாள்

10.8.93, செவ்வாய்
திருமுல்லைவாயில்

தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தில் வயிற்றுக்கடுப்புக் கிருமி ஒன்றை வளர்க்கிறோம். அதன் உடம்புக்குள் ஒரு வைரஸ் தலைமுறை தலைமுறையாக உறங்குகிறது. அந்தக் கிருமி விஷம் சுரப்பதே இந்த வைரஸால்தான். நேற்று ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா சொன்னபடி கிருமியைப் புற ஊதா விளக்கில் காட்டினேன். வைரஸ் விழித்துக்கொண்டு கிருமிகளை உடைத்து வெளியே வந்துவிட்டது. கலங்கலாக இருந்த கண்ணாடிக் குழாய் காலையில் தெளிந்திருந்தது.

குழாய் கழுவும் கன்னியப்பன் அதை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டார்.

"யாரு ஊத்துனது?" என்றார் டாக்டரம்மா. நான் கன்னியப்பனைக் கைகாட்டினேன்.

"தண்ணி கணக்கா தெளிஞ்சி கீதேன்னு ஊத்திட்டேம்மா. தப்புதான்."

தொட்டித் தண்ணீர் பின்பக்கச் சாக்கடைக்குப் போகிறது. அங்கே ஒரு கெடுதலும் செய்யாத கிருமிகள் எத்தனையோ. அதில் ஒன்றுக்குள் இந்த வைரஸ் புகுந்தால் அதுவும் விஷம் கற்றுக்கொள்ளும். கன்னியப்பனே பிளீச்சிங் பவுடரைக் கரைத்து வாளி வாளியாக ஊற்றினார். அது போதுமா என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை.

அதோடு போயிருந்தால் தூங்கியிருப்பேன். தொட்டிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘கலங்கியதை வேக வைக்கவும். தெளிந்ததை ஊற்றவும்.’ என் கையெழுத்து. கலங்கியதில் கிருமி உண்டு, வேக வைத்துக் கொல்ல வேண்டும்; தெளிந்ததில் இல்லை என்று நினைத்து எப்போதோ எழுதியது. கன்னியப்பன் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் கிழித்தெடுத்துவிட்டேன். திரும்பி வந்த கன்னியப்பன் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு மீதிக் குழாய்களைக் கழுவத் தொடங்கினார். தாள் இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது.