செவ்வாயும் வெள்ளியும் சிவப்புக் கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

கோத்தகிரி விடுதியிலிருந்து ஜெசிந்தா வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே குளிர் அதிகம், ஆனாலும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

ஒரு சிறிய செய்தி. எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று பார்க்க, நாங்களே நிறுவி நடத்தக்கூடிய இரண்டு இலவச மென்பொருள்களைப் பிரபா மிஸ் சோதிக்கச் சொன்னார். ஒன்று எளிது, இப்போது ஓடுகிறதா என்று மட்டும் காட்டும். மற்றதை நிறுவுவது கடினம். ஆனால் கடந்த நாட்களையும் கோடாக வரைந்து வைக்கும். சோதனைக்காக, சிங்கப்பெருமாள் கோயிலில் உள்ள நம் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரையும் விடுமுறையில் சேர்த்துவிட்டு வந்தேன்.

எதை வைத்துக்கொள்ளலாம் என்றபோது வகுப்பில் எல்லோரும் எளியதையே கேட்டார்கள். "பழசெல்லாம் இன்னாத்துக்கு ஜெசி? இப்ப ஓடுதா, அது போதும்" என்று ஊரப்பாக்கத்துப் பூங்கொடி கேலி செய்தாள். நான் மற்றதைத்தான் கேட்டேன். அதில் ஒரு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் நம் கடையின் கோடு நாள் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது, அதாவது கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்களோ, "தெனம் கூட்டம்தாம்மா, நிக்க எடமில்ல" என்கிறீர்கள். அம்மாவின் நோயையும் கடைசிவரை இப்படித்தான் என்னிடம் மறைத்தீர்கள்.

கோபமில்லை அப்பா. அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டர் எனக்கு இப்போது சரியாக இருக்கும், பார்சலில் அனுப்புங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரை ஒரு நிமிடம் போடுங்கள். இங்கே கோடு பச்சையான பிறகுதான் நான் சாப்பாட்டுத் தட்டை எடுப்பேன்.

உங்கள் மகள்,
ஜெசிந்தா