ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று

மார்ச் 4, செவ்வாய்

தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து வீட்டைப் பார்க்க வந்த அம்மா, உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தார். நேற்று முழுக்க நான் தேய்த்த தரையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

இவர், என் வீட்டுக்காரர்தான், டேப் போட்டு ஒட்டிவைத்த, புகை வந்தால் கத்தும் கருவி செல்லாதாம். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று, வெளியே நடையில் ஒன்று இருக்க வேண்டும். எல்லாம் வீட்டுக் கரண்டில் ஓட வேண்டும், பேட்டரி துணைக்குத்தான். ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்தும்படி கம்பியால் இணைக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் நாங்கள் காத்திருக்கும் குழந்தை, வரிசையில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

அவர் போனதும் அப்பா சொன்னார்: "வீட்டுல தீ வைக்கிறதே கரண்டுதான். அதுகிட்டயே காவல் வேலையக் குடுக்குறாங்களே!"

மார்ச் 9, ஞாயிறு

குழந்தைகள் இல்லத்தில் அவளைப் பார்த்தோம். ஐந்து வயது. நான் கொடுத்த பொம்மையை வாங்கிக்கொண்டு, "எப்பத் திரும்பக் குடுக்கணும்?" என்று கேட்டாள்.



மார்ச் 11, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் வந்தார். ஏணியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை தன் பெருமைதான். "மேடம், நான் போட்ட வயரை நானே நினைச்சாலும் பிடுங்க முடியாது." புகைக் கருவிகளுக்கென்றே தனி லைன் இழுத்து, மெயின் பெட்டியில் அதை அணைக்கத் தனி பிரேக்கர் வைத்திருக்கிறார். மூன்று படுக்கையறை, நடை என நான்கிலும், கரண்டு வருகிறது என்பதற்கு அடையாளமாகப் பச்சைப் புள்ளி எரிகிறது. ஒன்றின் பொத்தானை அமுக்கினால் நான்கும் கத்துகின்றன. என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மார்ச் 12, புதன்

படுக்கையறை லைனுக்கு இன்னொரு விதி. எங்காவது வயர் தளர்ந்து பொறி பறந்தால் தானாகவே விழும் பிரேக்கராக இருக்க வேண்டுமாம். எலக்ட்ரீஷியன் மாற்றினார். அப்பாவின் மேஜை விளக்கைச் செருகியதும் டப்பென்று விழுந்தது.

"விளக்குல கோளாறு, பெரியவரே."

"விளக்கு என் கல்யாணத்துக்கு வந்தது, நல்லாத்தான் இருக்கு. உன் பிரேக்கருக்குத்தான் பயந்த சுபாவம்."

மார்ச் 14, வெள்ளி

தேறவில்லை.

அலுவலக அம்மா மறுபடி வந்து பொத்தானை அமுக்கினார், நான்கும் கத்தின. கிளம்புவார் என்று பார்த்தால், "பச்சை லைட் எங்க?" என்றார். எதிலும் இல்லை. எல்லாம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. நாற்காலியில் இருந்த அப்பா கையைத் தூக்கினார், வகுப்பில் பதில் தெரிந்த பையன் மாதிரி.

"நான்தான் ஆஃப் பண்ணேன். அந்த பிரேக்கரை ஆஃப் பண்ணா வீட்டுல ஒண்ணுமே நிக்கல. சும்மாதானே கிடக்குது?"

"சார், அது சும்மா கிடக்குறதுக்குத்தான் வச்சிருக்கு!"

28ஆம் தேதி வருவாராம். அதுதான் கடைசி.

மார்ச் 15, சனி

தூக்கமில்லை. இந்த மனுஷனை என்ன பண்றது? பெட்டிக் கதவைத் திறந்து, பிரேக்கரைத் தேடிப் பிடிச்சு... வேணும்னே பண்ணாரா? அவ வர்றது பிடிக்கலையோ? பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லலாமே. இவர்கிட்ட கேட்டா, "உங்கப்பா, நீயே கேளு." நல்ல ஆளு!

மார்ச் 16, ஞாயிறு

கேட்டேன். கேட்ட குரல் சரியில்லை, கொஞ்சம் கத்திவிட்டேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புது வயரு. ராத்திரி பகலா ஓடுனா சூடாகாதா? அந்தப் புள்ள தலைக்கு நேரே இருக்கு. தீ கீ பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

தீப்பிடிக்கும் என்று பயந்து தீயைச் சொல்லும் கருவியை அணைத்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா? வரிசையாக இரண்டும் செய்தேன். "பைத்தியமா உனக்கு?" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

அப்பாவின் பயம் பேசித் தீராது. விளக்கிச் சொன்னால் தலையாட்டுகிறார்; நான் குளிக்கப் போனதும் பிரேக்கரை அணைத்திருக்கிறார். எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன்: தனி லைனே வேண்டாம், அப்பா அறையின் விளக்கும் ஃபேனும் ஓடும் லைனிலேயே நான்கையும் சேர்த்துவிடுங்கள். இதை அணைத்தால் அவர் ஃபேனும் நிற்கும்.

தன் வேலையைக் கலைக்கச் சொன்னதில் அவருக்கு முகம் தொங்கிவிட்டது. பிறகு யோசித்து, "செய்யலாம் மேடம். ஆனா சுவிட்சுக்கு முன்னாடியே கனெக்‌ஷன் எடுக்கணும். பின்னாடி எடுத்தா லைட்டை அணைச்சதும் இதுவும் போயிடும்" என்றார். அடுத்த நிமிடமே அது அவருடைய யோசனையாகிவிட்டது. போகட்டும்.

மார்ச் 20, வியாழன்

அப்பா பிரேக்கரை அணைத்தார். ஃபேன் நின்றது. போட்டார். மறுபடி அணைத்தார். போட்டார்.

பிறகு தொடவில்லை. வெயில் நம் பக்கம்.

மார்ச் 28, வெள்ளி

பச்சை, பச்சை, பச்சை, பச்சை. அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்து, "தரை பளபளன்னு இருக்கு" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவள் வந்து இரண்டாவது நாள். அவளுக்கென்று ஒழுங்குசெய்த அறையில் படுக்க மாட்டேன் என்று எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். "எனக்கு மட்டும் அங்க ஒத்தையில என்ன வேலை?" என்று அப்பாவும் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தார். மூன்று படுக்கையறைகளுக்கும் விதிப்படி காவல். நால்வரும் ஒரே அறையில். விடிந்து பார்த்தால் இவர் தரையில் கிடக்கிறார், என் தலையணையில் இரண்டு குட்டிக் கால்கள்.

எழுந்ததும் கூரையைக் காட்டி என் காதில் கேட்டாள்: "தாத்தா இவ்வளவு குறட்டை விடுறாரே, இதுக்கு அது கத்தாதா?"

தாத்தா என்று கூப்பிட நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.