அப்பாவின் மூக்கும் இரண்டு சென்ட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை, நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். வீட்டில் இருக்கிற ஒரே போனும் அப்பாவோடுதான் போகும், வரும்; பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய சென்ட் உடையாமல் வந்தது. உன் சித்தி சும்மா இருப்பாளா, அதே வாசனை, விலை கால்வாசிகூட இல்லை என்று கடைத்தெருவிலிருந்து ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டையும் போட்டுப் பார்த்தோம். அவளுடையது எடுத்தவுடன் ஆளைத் தூக்குகிறது, மத்தியானத்துக்குள் போன இடம் தெரியவில்லை. உன்னுடையது அடக்கமாக ஆரம்பித்து, மறுநாள் துணி மடிக்கும்போதும் இருக்கிறது. சித்தி ஒத்துக்கொள்ளவில்லை, அத்தானே தீர்ப்புச் சொல்லட்டும் என்றாள். உங்கப்பா கேஸ் அடுப்பு மெக்கானிக், கசிவை மோந்தே கண்டுபிடிக்கிற ஆள், அவர் மூக்குக்கு மேல் என்ன கோர்ட் இருக்கிறது? இரண்டு கைக்குட்டையில் தனித்தனியாக அடித்து ஜன்னலில் போட்டிருந்தேன். ஆனால் அவசரத்தில் அலமாரியில் இருந்த வெறும் கைக்குட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அப்பா கண்ணை மூடி மோந்து, இது பாப்பா அனுப்பினது, இது டூப்ளிகேட்டு, கொஞ்சம் நெடி அடிக்குது என்றார். சித்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள். ஜெயித்த சந்தோஷத்தில் நான் திரும்பினால், சென்ட் அடித்த இரண்டும் ஜன்னலிலேயே கிடக்கின்றன. அப்போதுதான் புரிந்தது பாப்பா. அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை, தெரிகிற மாதிரி நடிக்கிறார். போன தடவை ஜுரத்தில் படுத்து எழுந்ததற்கு அப்புறம் அவர் என் சமையலில் குறையே சொல்லாததை நான் வேறு பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதற்கு, உனக்கு வேற வேலையில்லையா என்று எரிந்து விழுந்தார். சோப்புத் தண்ணீர் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வருமே, அதையாவது செய்யுங்கள் என்றேன். அதெல்லாம் கத்துக்குட்டிங்க பண்றது என்று சொல்லிவிட்டு இப்போதுதான் பையை எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் சமையல்கட்டுக்குக் கிளம்பினார். அங்கே கேஸ் குழாயெல்லாம் மாற்றுகிற வேலை. மாற்றிவிட்டு மோந்து பார்த்து, சரி பத்தவை என்பார். அவர் சொன்னால் யோசிக்காமல் பற்றவைப்பார்கள். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அவரை டாக்டரிடம் போகச் சொல்லு, நீ சொன்னால் கேட்பார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இது உன் கைக்கு வந்து, நீ பேசி, அதுவரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. சோப்பைக் கரைத்துக்கொண்டு நானே போகிறேன். நாலு பேர் முன்னால், இவருக்கு வாசனை தெரியாது, பற்றவைக்காதீர்கள் என்று சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் என் முகத்தில் முழிக்க மாட்டார். முழிக்காவிட்டால் போகட்டும், ஆள் இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அடுப்பு பற்றவைக்குமுன் ஜன்னலைத் திற, மறக்காதே.

வாசலில் செருப்போடு நிற்கும்
உன் அம்மா