நடுச்சுவரில் மாட்டிய வாள்

மார்ச் 2

நகராட்சி ஆள் வந்து வாசல் தூணில் சிவப்பு பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனான். சாலை அகலமாகிறது. எங்கள் வரிசையில் ஒரு வீடும் மிஞ்சாது. மே மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

மகள் ஃபோனில் ஏக உற்சாகம். அவள் குடியிருப்பிலேயே எங்களுக்கும் இரண்டு அறை பார்த்துவிட்டாளாம். "லிஃப்ட் இருக்குப்பா, பால்கனி இருக்கு, அம்மா மூட்டு வலிக்கு நல்லது." சரி, நான் சேர்த்த பழைய வாளெல்லாம் எங்கேம்மா மாட்டுறது என்றேன். "அப்பா, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 5

காவல் நிலையம் போனேன். இன்ஸ்பெக்டர் எனக்குப் பழக்கம்தான். அவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவன் நான். அந்த மரியாதையில் நாற்காலி கிடைத்தது. வேறெதுவும் கிடைக்கவில்லை. பழங்கால ஆயுதம் வைத்திருக்கிற உரிமம் இந்த வீட்டு முகவரிக்குத்தான். இரும்புக் கதவு போட்ட தனி அறை இல்லாத இடத்துக்கு மாற்றித் தர மாட்டார்கள்.

"ஏதாவது மியூசியத்துக்குக் குடுத்துடுங்க டாக்டர். இல்லேன்னா இங்க ஒப்படைச்சிடுங்க."

"ஒப்படைச்சா என்ன பண்ணுவீங்க?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "கேஸ் கட்டர்ல வெட்டி, உருக்க அனுப்பிடுவோம். ரூல் அப்படி."

மார்ச் 6

கேஸ் கட்டர்.

மார்ச் 11

இரண்டு அருங்காட்சியகங்கள் கை விரித்துவிட்டன. ஒன்றில் இடமில்லை. இன்னொன்றில், "பல் டாக்டரா நீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கினார்கள். சிரிக்கட்டும். பல்லைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உறைக்குள் விட்டு, உள்ளே ஒட்டியிருக்கிற பழைய துருவைப் பார்க்கத் தெரிந்த ஆள் இந்த ஊரில் வேறு யார்?

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: பிடியை நம்பக்கூடாது. பிடி உடைந்தால் அந்தந்த ஊர்க்காரன் தன் வழக்கப்படி மாற்றிவிடுவான். அலகுதான், வெட்டுகிற அந்த இரும்புதான், பேசும். உதாரணத்துக்கு, என் சூடான் வாள். சிலுவை மாதிரிப் பிடி, முதலைத் தோல் உறை, எல்லாம் அந்த மண்ணுடையது. அலகில் முகம் வைத்த பிறைநிலா முத்திரை. ஐரோப்பியப் பட்டறைகளைப் பார்த்து உள்ளூர்க் கொல்லன் போட்டது. அதைக் கண்டுபிடித்த அன்று சாப்பாட்டு மேசையில் தாளம் போட்டேன். ஜப்பானிய வாளின் பிடிக்குள் மறைந்திருக்கிற கருந்துருவை ஒருநாளும் துடைத்ததில்லை, வாளின் வயதைச் சொல்வதே அதுதான் என்பதால். மலாய் நாட்டுக் கிரிஸ், நெளிந்து நெளிந்து போகும் அந்தச் சின்னக் கத்தி, எந்த ஊர் என்று பிடிகொடுக்காமல் என்னோடு ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கு நின்றது.

இதையெல்லாம் வெட்டுவார்களாம்.

மூன்றாவது அருங்காட்சியகத்திலிருந்து ஒருவர் நேரில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மனைவியிடம் சொன்னேன். "வர்றவர்கிட்ட வளவளன்னு பேசாதீங்க. அவரைப் பேச விடுங்க" என்றாள்.

மார்ச் 19

வந்தார். உள்ளே நுழையும்போதே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். இனி அவரை 'கையுறை' என்றே எழுதிவிடுகிறேன். கெட்டிக்காரர். கிரிஸ்ஸின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். என் பட்டியலை வாசித்தார், தலையாட்டினார். பிறகு இடி விழுந்தது.

"எல்லாத்தையும் சோதிக்க எங்களுக்கு ஆள் இல்ல டாக்டர். ஒண்ணே ஒண்ண எடுத்துட்டுப் போய் ஆய்வகத்துல பாப்போம். நீங்க எழுதினது சரின்னா, எல்லாமே சரின்னு எடுத்துக்குவோம். தப்புன்னா எதையும் எடுக்க மாட்டோம்."

சுற்றும் முற்றும் பார்த்து நடுச்சுவரைக் காட்டினார். வேறெதைக் காட்டுவார்? வருகிறவர்கள் கண்ணில் முதலில் படட்டும் என்று நானேதானே அங்கே மாட்டினேன்.

தண்ணீர் கொண்டுவந்த என் மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அது நான் வாங்கினதுங்க" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமைக்கு மேல் வண்டி அனுப்புகிறாராம்.

மார்ச் 20

ராத்திரி தூங்கவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

அந்த வாளை அவள் தன் அக்கா ஊருக்குப் போனபோது ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினாள். தபால் ஆபீஸ் வேலையில் பார்சல் கட்டிப் பழகிய கை. துணி சுற்றி, சாக்கு தைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். வளைந்த பாரசீக வாள். இரும்பு முழுக்க அலைக்கோடு, ஓடுகிற தண்ணீர் மாதிரி. "இந்தக் கோடு இருந்தா நல்லதுன்னு நீங்க சொல்லுவீங்களே" என்றாள். என் பைத்தியத்தில் அவள் கலந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். அன்றே நடுச்சுவரில் மாட்டினேன். பட்டியலில் 'அசல்' என்று எழுதினேன்.

அலைக்கோட்டுக்குச் சோதனை சுலபம். ஓரிடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கோட்டை அழித்துவிட வேண்டும். பிறகு நீர்த்த அமிலத்தைத் தடவ வேண்டும். அசல் என்றால் கோடு திரும்பி வரும், ஏனென்றால் அது இரும்பின் உள்ளேயே ஓடுகிறது. மேலே வரைந்த போலி என்றால் வராது. என்னிடம் இருக்கிற ஒவ்வொரு அலைக்கோட்டு வாளையும் இப்படிப் பார்த்திருக்கிறேன்.

அதை மட்டும் பார்த்ததில்லை. பார்க்காதவரை அது அசல்தானே?

மார்ச் 24

மனைவி புது வீட்டைக் கழுவிவிட மகளோடு போயிருக்கிறாள். வாளை இறக்கினேன். பிடியோரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்த்தேன். அமிலம் தடவினேன்.

வா. வந்துடு. தயவு செஞ்சு வந்துடு —

வரவில்லை. ஒரே சாம்பல் நிறம். மறுபடி தடவினேன். மறுபடியும் சாம்பல். தட்டையான, புத்தம்புது இரும்பு. யாரோ ஒரு பட்டறைக்காரன் போன வருஷம் செய்தது மாதிரி.

ஒன்று போலி என்றால் எல்லாமே போலி. கிரிஸ் போச்சு, பிறைநிலா போச்சு, எல்லாம் கேஸ் கட்டருக்குத்தான். என்ன பண்ணுவேன்? எங்க போய் முட்டிக்குவேன்?

தேய்த்த வழுக்கை சுவர்ப் பக்கம் போகும்படி திருப்பி மாட்டினேன்.

மார்ச் 25

இன்று நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அவளுடைய நகப்பூச்சை எடுத்தேன். அது பூசிய இடத்தை அமிலம் அரிக்காது. மெல்லிய தூரிகையால் வழுக்கையில் அலை வரைந்து, இடைவெளியில் அமிலம் விட்டேன். வாழ்நாள் முழுக்கப் போலியைக் கண்டுபிடித்தவன் உட்கார்ந்து போலி செய்தேன். ஆய்வகத்தில் இது ஒரு நிமிஷம் தாங்காது என்று தெரியும். தெரிந்தும் வரைந்தேன். வரைந்த அலை அலையாக வரவில்லை, புழு மாதிரி வந்தது.

மார்ச் 26

பிடிபட்டேன்.

"என் நகப்பூச்சு எங்க?" என்று தேடிக்கொண்டே வந்தவள், மேசையில் வாளையும் தூரிகையையும் என்னையும் பார்த்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போலி வாங்கிவிட்டோமே என்று அழுவாள், தேற்ற வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

"மத்த எல்லாத்தையும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தீங்கல்ல?"

"ஆமா."

"இத மட்டும் ஏன் பாக்கல?"

"உன் மனசு நோகக்கூடாதுன்னு..."

"இல்ல. நான் வாங்கினா அது போலியாத்தான் இருக்கும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டீங்க. சந்தேகப்பட்டிருந்தா சோதிச்சிருப்பீங்க. உங்களுக்குச் சந்தேகமே இல்ல." குரல் உடைந்துவிட்டது. "ஒரு தடவை தேய்ச்சுப் பாத்து, ஏமாந்துட்டடின்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேங்க. அடுத்த தடவை சரியா பாத்து வாங்கியிருப்பேன்."

அடுத்த தடவை. அதற்குப் பிறகு அவள் எந்தக் கடைக்குள்ளும் எனக்காக நுழையவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

மார்ச் 27

காபி மட்டும் மேசைக்கு வந்தது.

மார்ச் 30

காலையில் எழுந்தபோது நடுச்சுவர் காலி. வாளும் இல்லை, அவளும் இல்லை. பழைய சாக்குத் துணியையும் கோணி ஊசியையும் காணோம். வண்டி வருவதற்குள் அவளே கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஃபோன் செய்யவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு செய்வது?

மதியம் அதே சாக்கு மூட்டையோடு திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "கையுறைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். இது போலி, நான் வாங்கினது, இவர் பாக்காமலே எழுதிட்டாரு, அந்த வழுக்கையும் புழுவும் இவர் பண்ணினதுன்னு."

"புழுவையும் சொன்னியா?"

"காட்டவே காட்டினேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. அப்புறம் சிரிக்கல. இவர் பாத்து எழுதினதுல எத வேணும்னாலும் எடுத்துட்டுப் போய்ச் சோதிங்கன்னேன். வந்து எடுப்பாராம். அதுக்கு மேல ஒரு வாக்கும் குடுக்கல."

ஏப்ரல் 2

கையுறை வந்து கிரிஸ்ஸையும், மூலையில் இருந்த ஒரு துருக்கிய அலைக்கோட்டு வாளையும் எடுத்துப் போனார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 9

இன்னும் ஒன்றும் தெரியவில்லை. எதிர் வீட்டை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு இடிக்கும் சுவரில் வாள்கள் கிலுகிலுவென்று ஆடுகின்றன. சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 16

துருக்கிய வாளில் கோடு திரும்பி வந்துவிட்டதாம்! கிரிஸ்ஸும் நான் சொன்ன ஊர்தானாம், நான் சொன்ன காலம்தானாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றைத் தவிர.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 21

அவளே கட்டினாள், ஒவ்வொன்றாக. துருக்கிய வாளைத் துணியில் சுற்றும்போது, "இது நல்லா இருக்கு" என்றாள். இத்தனை நாள் கழித்து! வண்டி போன பிறகு சுவரில் ஆணிகள் மட்டும்.

மே 29

புது வீடு. இன்ஸ்பெக்டர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார். அலமாரிமேல் இருந்த பாரசீக வாளை எடுத்து விரலால் தடவினார். "கூரே இல்ல. இது அலங்காரச் சாமான் டாக்டர். தாராளமா வெச்சுக்குங்க." அசலெல்லாம் போய், இது ஒன்றுதான் எங்களோடு வந்திருக்கிறது.

சாயங்காலம் ஆணி அடித்தேன். நல்ல பக்கத்தை வெளியே வைத்து மாட்டப் போனவனைத் தடுத்தாள். "அந்தப் பக்கம் வேணாம். புழு தெரியட்டும்."

பிறகு பல் கண்ணாடியையும் லென்ஸையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பிடி முதல் முனை வரை, கிரிஸ்ஸைப் பார்த்த அதே நிதானத்தில். அட்டையில் எழுதினேன், அவள் உரக்க வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன்:

பாரசீக வாளின் நகல். பிடி புது வார்ப்புப் பித்தளை. அலகு சாதா இரும்பு, கூர் இல்லை. அலைக்கோடு அமிலத்தால் வரைந்தது. பிடியோரம் உள்ள கோடு பிற்காலத்தது, வேறு கை, திறமை குறைவு.

"சரியா எழுதியிருக்கீங்க" என்றாள். அடுத்த வாரம் அக்கா ஊருக்குப் போகிறாளாம். அந்தக் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், என்னையும் வரச் சொன்னாள்.