மூன்று தட்டில் ஒரு வினைச்சொல்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் பேசினால் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இத்தாலிய வகுப்புக்கு விடாமல் போகிறேன். மொழி தெரிந்தால்தானே அங்கே வந்து இருக்க முடியும். இப்போது வினைச்சொற்களை அசை அசையாக வெட்டுகிறோம். ஓர் அசைக்கு விரலால் மேசையில் ஒரு தட்டு. நம் வினைகளைப் போலவே அவற்றிலும் வேர் முன்னால், செய்பவர் வாலில். அது எனக்கு எளிது. ஆனால் இரண்டு உயிரெழுத்துகள் ஒட்டி வந்தால் என் நாக்கு நடுவில் புகுந்து ஓர் அசையை இரண்டாக்கிவிடுகிறது. "உங்க வீட்டுக் கத்தி ரொம்பக் கூர் போல, ஒண்ணையும் முழுசா விட மாட்டேங்கிறீங்களே" என்று ஆசிரியை சிரித்தார். அன்று முதல் பேருந்துக் கம்பி, குளியலறைக் கதவு என்று கண்ட இடத்திலெல்லாம் தட்டுகிறேன். "இந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

போன ஞாயிறு நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். டிவி சத்தம் என்றீர்கள். முன்பெல்லாம் இத்தாலியப் பேச்சு எனக்குத் திறந்துவிட்ட குழாய் மாதிரி. அன்று விரல்கள் தாமாகத் தட்டின. லா-வா-லி: அதையெல்லாம் கழுவு. ஸ்ப்ரீ-கா-தி: சீக்கிரம் ஆகட்டும். உடனே போனை வைத்துவிட்டீர்கள்.

அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தன் பிள்ளை அங்கே தலைமைச் சமையல்காரர் என்று அத்தை எல்லோரிடமும் சொல்கிறார்கள். சொல்லட்டும், நான் வாயைத் திறக்கவில்லை. "வீடு சின்னது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று நீங்கள் என்னைத் தள்ளிக்கொண்டே வந்தது ஏன் என்று மட்டும் புரிந்தது. இதற்காகவா இத்தனை நாள் தனியாக இருந்தீர்கள்?

வரும் புதன்கிழமை பரீட்சை. வேண்டாம் என்றீர்கள், எழுதத்தான் போகிறேன். அந்தக் கழுவும் வினையையே எடுத்துப் படிக்கிறேன். 'நாம்' என்ற வாலைச் சேர்த்தால் லா-வ்யா-மோ, கழுவுகிறோம். நாலாக வெட்டி வெட்டி, நேற்றுத்தான் மூன்றில் நின்றது.

நான் வருவதற்கு அங்கிருந்து வர வேண்டிய தாள்களை மட்டும் அனுப்பிவையுங்கள். தூங்கும் முன் கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், விரலிடுக்கிலும்.

உங்கள் பதிலுக்காக வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கும்,
உங்கள் மனைவி