பித்தளைப் பின்னும் ஓர் ஆணியும்

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், மச்சான். மோட்டார் விசிறியில் இரும்பு ஆணியைச் செருகினால் ஒருநாள் மோட்டாரும் போகும், ஆளும் போவான் என்று நான் முன்கூட்டியே சொன்ன கதை உத்திரமேரூரில் இன்று தெரியாதவர் கிடையாது. காலையில் நம் படகில் புது மோட்டார் மாட்டினோம். மூன்று தடவை சோப்புப் போட்டும் கையிலிருந்து பெட்ரோலும் ஆயிலும் கலந்த வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். முகர்ந்து பார்த்தால் உன் சட்டையின் வாடை.

நீ என் தங்கச்சி சாந்தாவைக் கட்டுவதற்கு முன்பே எனக்குச் சிநேகிதன். ஏரியில் எல்லோரும் கழி ஊன்றி மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தபோது, கடற்கரைப் பக்கம் போய் அந்தப் பழைய ஃபைபர் படகையும், அதைவிடப் பழைய மோட்டாரையும் வாங்கி வந்தது நாம் இரண்டு பேர்தான். முதல் நாள் கயிற்றை இழுத்ததும் எழுந்த சத்தத்தில் திருப்புலிவனத்துக் கோயில் மணி தானாக அடித்தது என்று டீக்கடையில் சொன்னேன். நீ மறுக்கவில்லை. "ஒரு தபா இல்ல மச்சான், ரெண்டு தபா" என்று சேர்த்துவிட்டாய். என் கதைகளுக்கு அப்படித் தோள் கொடுக்க இனி ஆள் இல்லை. இப்போது நான் எது சொன்னாலும் எதிரில் இருப்பவர்கள் டீயை ஆற்றிக்கொண்டு சும்மா கேட்கிறார்கள்.

ஏரிக்குள் வெட்டிப் போட்ட கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்குக் கீழே மறைந்திருக்கும். விசிறி அதில் இடித்தால், விசிறியைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் சின்னப் பித்தளைப் பின் உடைந்துபோகும். நீ அலுத்துக்கொள்ளாமல் மோட்டாரைத் தூக்கி வேறு பின் போடுவாய். உன் மாத்திரை டப்பாவில் மாத்திரை இல்லாவிட்டாலும் பின் இருக்கும். போன ஐப்பசியில் அந்த ஒருநாள் மட்டும் டப்பா காலி. உட்காரும் பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி, பின் இருந்த ஓட்டையில் அடித்தாகிவிட்டது. அடுத்த கட்டையில் இடித்தபோது ஆணி உடையவில்லை. உள்ளே பல்சக்கரம் உடைந்தது.

கிழக்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. நீ கழியை எடுத்தாய். பாதி ஏரித் தூரம், எதிர்காற்றில், வலையையும் மீனையும் என்னையும் சேர்த்துத் தள்ளினாய்.

"குடு மச்சான், நான் ஊணுறேன்" என்றேன்.

"நீ கத சொல்லிக்கினு வா. அதான் எனக்கு இஞ்சினு" என்றாய்.

சொல்லிக்கொண்டே வந்தேன். கரையில் வலையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

ஒரு வருஷம் அந்த மோட்டார் மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. இந்த மழையில் ஏரி நிரம்பியதும், "வலய நானே போடறேன், புது மோட்டாரு மாட்டு" என்று சாந்தா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். இன்று மெக்கானிக் பழையதைப் பிரித்ததும் வளைந்துபோன ஆணி கையோடு வந்தது.

"யாருங்க பண்ண வேல இது?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். "கம்பெனிக்காரன் பின்ன பித்தளைல ஏன் குடுக்கறான்? அது ஒடஞ்சாத்தான் மோட்டாரு பொழைக்கும்."

"எங்க வூட்டுக்காரருதான்" என்றாள் சாந்தா. "வாணாம் வாணாம்னு எங்கண்ணன் தலபாடா அடிச்சிக்கினு இருந்திருக்காரு. கேட்டாத்தானே? ஒரு பின்னு வாங்கி வெக்கத் துப்பில்ல, ஆணிய அடிச்சிட்டு என்னைத் தனியா வுட்டுட்டுப் போயிட்டாரு."

"அண்ணன் வெவரமான ஆளுதான்" என்றான் மெக்கானிக். எனக்கு வந்த பாராட்டுகளில் நான் வாங்கிக்கொள்ள முடியாமல் நின்றது அது ஒன்றுதான்.

அவள் உன் படத்துக்குப் பூ வைப்பதில்லை, மச்சான். உனக்காக அழுததைவிட உன்னைத் திட்டியதுதான் அதிகம். வியாதியில் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும், அலட்சியத்தில் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை என்பாள். மெக்கானிக் கொடுத்த நாலு பின்னையும் முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"ண்ணா, அன்னிக்கி ஆணிய அடிக்க சொல்லோ அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"சிரிச்சிக்கினேதான் அடிச்சான்" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படகைத் தண்ணீருக்குள் தள்ளினாள். நான் கரையிலேயே நின்றுவிட்டேன்.

சாவு வீட்டில் முதலில் வந்தவர் எப்படி ஆச்சு என்று கேட்டார். அப்போது என் வாயில் வந்த கதை இது. அதற்குப் பிறகு ஊர் முழுக்க அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனும் நான்தான். ஒருவர்கூட ஒரு வார்த்தை சந்தேகப்படவில்லை. நாளை அவள் வலை எடுக்கப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும். நேற்றும் இப்படித்தான் நினைத்தேன்.

மற்றதில் கூட்டியது குறைத்தது எப்படியோ போகட்டும். மாற்றிச் சொன்னது ஒன்றுதான். "வாணாம் மச்சான், கழி ஊணிக்கினு போயிடலாம்" என்று சொன்னவன் நீ. சிரித்துக்கொண்டே ஆணியை அடித்தவன் நான்.