அப்பா தைத்த பெல்ட்டைக் கழற்றிவிடு

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் அண்ணனும் நலம், அதாவது உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நலமா என்று எப்போதும் ஒப்புக்குக் கேட்பேன், இந்த முறை பதில் வேண்டித்தான் கேட்கிறேன். ஊர்வலத்தில் போனவர்களை அடித்த ஆட்களை நீ எடுத்த படத்தை, உன் பெயர் போடாமல் பேப்பரில் போட்டதிலிருந்து, எடுத்தது யார் என்று அவர்கள் தேடுவதாகச் சொன்னாய். போனில் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொன்னாய். அதனால்தான் அந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போகும் மாடி வீட்டு டிரைவரிடம் இந்தப் பார்சலைக் கொடுத்தனுப்புகிறேன். முதல் வேலையாக, அப்பா தைத்துக் கொடுத்த கேமரா பெல்ட்டைக் கழற்று, பிறகு மேலே படி.

போன வாரம் நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் நம் பை தைக்கும் கடைக்கு ஒருவன் வந்திருக்கிறான். நல்ல சட்டை, நல்ல பேச்சு. போனில் ஒரு படம் காட்டினானாம். ஊர்வலக் கூட்டம், கேமராவோடு திரும்பி நிற்கும் ஒரு பெண், முகம் தெரியவில்லை, முதுகில் குறுக்காக அந்த அகலப் பெல்ட், பச்சைக் கான்வாஸில் ஆரஞ்சு நூல். இதே மாதிரி ஒன்று வேண்டும், எத்தனையோ பேரிடம் காட்டிவிட்டேன், இந்த மூலைத் தையல் உங்கள் கைக்குத்தான் வரும் என்கிறார்கள் என்றானாம். உன் அப்பாவின் தையலை ஒருவன் பாராட்டிவிட்டால் போதாதா, மனிதர் வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவார். நான் தைத்ததுதானே, கனமான கேமரா கழுத்தை அறுக்கிறது என்று என் மகள் அழுதாள், பாரம் தோளுக்குப் போகிற மாதிரி பஞ்சு வைத்துத் தைத்தேன் என்று வாய் கொள்ளாமல் சொல்லியிருக்கிறார். மகள் எங்கே என்று கேட்டதற்கு ஊரையும் சொல்லியிருக்கிறார். தெருவைச் சொன்னீர்களா என்று எத்தனை முறை கேட்டும் நினைவில்லை என்கிறார். வந்தவன் அளவும் கொடுக்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் இவருக்கு உறைத்தது. திட்டலாம் என்றுதான் போனேன், அந்த முகத்தைப் பார்த்ததும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து நம் கடைக்கு எதிர்வாடையில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நிற்கிறது, யாரும் இறங்குவதில்லை. மருந்துக் கடைக்கு வந்ததாக இருக்கும் என்கிறான் அண்ணன். இருந்தால் நல்லது.

பார்சலில் இருப்பது கடைப் பெல்ட். அடுத்தவர் தைத்ததைத் தொடாத மனிதர் நேற்று நம் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேமரா கடைக்குப் போனார். ஒவ்வொரு பெல்ட்டிலும் அதை மாட்டித் தோளில் போட்டு நடந்து பார்த்தாராம், துணி தேய்க்க வந்தீர்களா என்று கடைக்காரர் கேலி செய்திருக்கிறார். மெத்தென்று ஒன்று கிடைத்ததாம், அதைத் திரும்ப வைத்துவிட்டு எல்லோரும் வாங்கும் இந்தக் கறுப்புப் பெல்ட்டை எடுத்து வந்தார். இது கழுத்தை அறுக்கும், எனக்கே தெரிகிறது. உள்ளே கொஞ்சம் பஞ்சாவது வையுங்கள் என்றேன். ஊசியை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். "வேண்டாம். கூட்டத்துல நானே அவ பின்னாடி போய் நின்னாலும் எனக்கு அவளைத் தெரியக் கூடாது" என்றார்.

பழையதை உன் வீட்டுக் குப்பையில் போடாதே, தூரமாகப் போய்ப் போடு. கொஞ்ச நாள் தோழி வீட்டில் தங்கு. மாற்றியதும் போன் செய்து, அங்கே மழையா என்று மட்டும் கேள், புரிந்துகொள்வேன். ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும் நீ.

உன் அம்மா.
அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.